வேன் நிறையவில்லை

மலேசியாவில், சிகாமட்டில் இருக்கும் உங்களுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். விக்டோரியா அருவியைப் பார்த்துவிட்டேன். மலிவாக வாடகைக்கு எடுத்த மழைக்கோட்டில் ஓட்டை, தொப்பலாக நனைந்துவிட்டேன்.

காலையில் என்ன சொன்னீர்கள்? "வீட்டுக்குள்ள வெள்ளத் தண்ணி முட்டிக்குக் கீழதான் லா. சாமிப் படங்கள அலமாரி மேல ஏத்திட்டு முகாமுக்குப் போயிடுறேன். நீ நல்லா சுத்திப் பாரு."

பக்கத்து வீட்டு பிரவீனா வெள்ள முகாமில்தான் இருக்கிறாள். உங்களை இன்னும் பார்க்கவில்லையாம்.

படங்கள் நனைந்தால் நனையட்டுமே.

விடுதிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓட வேண்டும். ஆள் நிறைந்தால்தான் வேனை எடுப்பேன் என்கிறார் டிரைவர். கெஞ்சிப் பார்த்துவிட்டேன். நான் மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் இன்னும் தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் மனைவி