நோகாத கால்

அம்மா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது நாலு சொல் சேர்த்துக் கதைக்காதவள், நீங்கள் போன பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறேன். எழுதினாலும் நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். இரண்டு வரியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீயே சொல்லு பிள்ளை, என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்பீர்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

இன்று பின்னேரம் மழை. சந்தை முடிந்து சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தார். உங்களுக்குப் பிறகு சுன்னாகம் சந்தையில் உங்கள் இடத்தில் இருந்து வெங்காயம் விற்பது உங்கள் தங்கைதான். வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்பு நனைகிறதே என்று எடுத்து உள்ளே வைக்கக் குனிந்தேன். அப்போது அந்த மணம் வந்தது.

எந்த மணம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழுகிய வெங்காயத்தின் மணம் இப்படி இருக்காது. இது கொஞ்சம் இனித்து, தொண்டைக்குள் போய் நிற்கும். எங்கள் வீட்டில் மாதக்கணக்காக இருந்தது. யன்னல் எல்லாம் திறந்து வைத்து, சாம்பிராணி போட்டு, யாரும் அதைப்பற்றிக் கதைக்காமல் சோறு சாப்பிட்டோம். செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பில் பெருவிரல் படுகிற இடத்தில் கபில நிறத்தில் ஒரு கறை.

"சின்னம்மா, காலிலை என்ன?"

"ஒண்டுமில்லையடி, சந்தைச் சேறு."

"காட்டுங்கோ பாப்பம்."

"முதல் தேத்தண்ணியை ஊத்து. குளிருது."

"நோகுதோ?"

"சீச்சீ! ஒரு துண்டும் நோகேல்லை."

அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அதே பெருமையை உங்கள் முகத்திலும் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபம், இதை எழுதும்போதும் இறங்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம் நீங்கள் சந்தையால் வந்து இதே வாசலில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தீர்கள்.

"எடியே, இந்தச் செருப்பு கழறுதில்லை. ஒருக்கா வந்து இழு."

கீழே குந்தி இழுத்தேன். வரவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், உடைந்த சாக்கூசியின் முனை ஒன்று செருப்பைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே உங்கள் காலுக்குள் ஏறியிருந்தது. காலையில்தான் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் மூட்டை தைத்தார்களாம். அப்படியென்றால் நாள் முழுக்க அந்த ஊசியோடு நடந்திருக்கிறீர்கள். தராசுக்கும் மூட்டைக்கும் இடையில், கிணற்றடிக்கு, பஸ்ஸுக்கு, பஸ்ஸால் இறங்கி ஒழுங்கை நீளத்துக்கு. நான் எழும்பிப் பின்னால் போனேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏன்டி பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்? நோகேல்லை. புடுங்கு."

பிடுங்கினேன். மஞ்சள் அரைத்துப் பூசி, பழைய சேலையில் கிழித்துக் கட்டினோம். நோகவில்லை என்றதும் எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதுதான் நாங்கள் செய்த பிழை. ஊசி ஏறியதே தெரியாத காலைப் பார்த்துப் பயப்படவேண்டிய நாங்கள், இரண்டு பேருமாக இருந்து சிரித்தோம். அதற்கு முதல் வருடம் முழுக்க, "பஞ்சுக்கு மேலை நடக்கிறமாதிரி இருக்கு" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதையும் ஒரு சுகம் என்றே நினைத்தோம்.

அடுத்த நாள் சந்தையில் அதைக் கதையாக்கிவிட்டீர்கள். "சாக்கூசி ஏறியும் நோகாத கால் என்ரை கால்!" என்று நீங்கள் சொல்ல, பக்கத்தில் கத்தரிக்காய் விற்கிற மாமி, "உன்ரை நாக்கிலை ஏறியிருந்தா ஊசிக்கெல்லோ நொந்திருக்கும்!" என்றாராம். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் நாக்கு அப்படித்தான். ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவர் தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்தியபோது, "அண்ணை, வெங்காயம்தான் கேட்டனான். உங்கடை கை எனக்கு என்னத்துக்கு?" என்று கேட்டீர்கள். மூன்று வரிசைக்கு அப்பாலும் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன். மூட்டைக்குள் ஒரே ஒரு வெங்காயம் அழுகினாலும் மூக்கை வைத்து, கையை விட்டு, அதை மட்டும் எடுத்து வீசுவீர்கள். அந்த மூக்குக்கு உங்கள் கால் மணக்கவில்லை என்று நான் நம்பவேண்டுமா? உங்கள் மீதும் எனக்குக் கோபம்தான் அம்மா. செத்துப்போனவர்கள் மீது கோபப்படக்கூடாது என்கிறார்கள். எனக்கு வருகிறது.

அந்த நாக்கை நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்தீர்கள்.

சீனி வருத்தத்துக்கு நீங்கள் மாதாமாதம் போகிற சலரோகக் கிளினிக்கின் விறாந்தையில் செருப்புகள் குவிந்து கிடக்கும். கழற்றச் சொல்லி அங்கே ஒரு பலகையும் இல்லை. உள்ளே வைத்தியர் சப்பாத்தோடுதான் இருந்தார். ஆனாலும் எங்கள் சனம் கழற்றும். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வந்தபோது அதிபரின் அறை வாசலில் நீங்கள் கழற்றினீர்கள். என் பட்டமளிப்பு அன்று மண்டபத்து வாசலில் கழற்றிவிட்டு, கொதிக்கிற சீமெந்தில் நின்றீர்கள். "போட்டுக்கொண்டு வாங்கோ அம்மா, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்று நான் கெஞ்ச, "படிச்ச ஆக்கள் இருக்கிற இடம்" என்றீர்கள். படித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது உங்களுக்கு நினைவு வரவில்லை. எனக்கும்தான். அந்த நாளில் எடுத்த படத்தில் நான் கறுப்பு அங்கியோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் நீங்கள், காலில் கட்டோடு.

அது பிந்தி நடந்தது. ஊசி ஏறிப் பத்து நாளில் வந்த கிளினிக்கைத்தான் முதலில் சொல்லவேண்டும். அன்று நானும் உங்கள் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். செருப்புக் குவியலில் சோடி இல்லாத ஒற்றைச் செருப்புகள் சில கிடந்தன. யாரோ மற்றதைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு மொக்குப் பல்கலைக்கழக மாணவி நான்.

உள்ளே வைத்தியருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். களைத்துப் போயிருந்தார். கொப்பியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பிடி அம்மா இருக்கிறியள்?"

"நல்ல சுகம் ஐயா."

"குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஓம் ஐயா."

"வேறை ஏதும்?"

அவர் கேட்டார், அம்மா. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், கேட்டார்தான். நீங்கள் "ஒண்டுமில்லை ஐயா" என்றீர்கள். சொல்லும்போதே வலது கால் மெல்ல இடது காலுக்குப் பின்னால் போய்ச் சேலைக் கரைக்குள் ஒளிந்துகொண்டது. அதைக் கண்டவள் நான் ஒருத்திதான். வெட்கப்படுகிறவர்கள் எப்போதும் நிலத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டியிருந்த துணி மஞ்சளாக ஊறியிருந்தது. "டொக்டர், அம்மாவின்ரை காலைப் பாருங்கோ." நாலு சொல். வாய்க்குள் கோர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். "அடுத்த ஆள்" என்று தாதி கூப்பிட்டார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "உதைச் சொல்லி அந்தப் பிள்ளையை மினக்கெடுத்தக் கூடாது. பின்னாலை எத்தினை சனம் நிக்குது." வெங்காயத்துக்காக ஒரு சந்தையையே மறித்து நிறுத்தக்கூடியவர், தன் காலுக்காக ஒரு வரிசையை ஒரு நிமிடம் மறிக்கமாட்டாராம்.

அந்த வைத்தியர் குனிந்து ஒரு தரம் காலைப் பார்த்திருக்கலாம். கட்டாயம் பார்த்திருக்கவேண்டும். காலுக்குப் பிரச்சினை வரும் என்று தெரிந்த ஒரு கிளினிக்கில், காலை மறைத்துக்கொண்டு போய் மறைத்துக்கொண்டே திரும்பி வரலாம் என்றால் அது என்ன கிளினிக்? ஆனால் அவர் பார்க்காததை நான் பார்த்துக்கொண்டல்லவா நின்றேன்.

பட்டமளிப்புக்குப் பிறகு விரல் கறுத்தது. சத்திரசிகிச்சை வார்டில் உங்களைச் சேர்த்த அன்று கட்டில் வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொரு போர்வைக்கு வெளியேயும் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு கால். சிலவற்றுக்கு முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. ஒற்றைச் செருப்பின் கணக்கு அங்கேதான் எனக்கு விளங்கியது. மருந்து கட்ட வந்த தாதி, "ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?" என்று ஏசினார். "நோகேல்லை, அதுதான்…" என்று நான் இழுத்தேன். "நோகேல்லை எண்டாத்தான் பிள்ளை உடனை வரவேணும். சீனி கூடிக்கூடி நரம்பு செத்துப்போச்சு. நோகாததுதான் வருத்தம்" என்றார். இதை எங்களுக்கு அதற்கு முதல் ஒருவரும் சொல்லவில்லை. கொப்பியில் ஒவ்வொரு மாதமும் சீனியின் அளவு எழுதியிருக்கிறது. கால் என்று ஒரு சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

முதலில் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே. மயக்கம் தெளிந்ததும் உங்கள் நாக்கு திரும்பி வந்தது. "எடுத்ததை நிறுத்துப் பாத்தவையோ? எத்தினை கிலோ?" என்று கேட்டீர்கள். வார்டே சிரித்தது. தாதியும் சிரித்தார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். அந்தக் கேள்வியில் பாதியைக் கிளினிக்கில் கேட்டிருக்கலாமே அம்மா.

பிறகு நீங்கள் சந்தைக்குப் போகவில்லை. கதிரையில் இருந்து ஒழுங்கையைப் பார்த்தீர்கள். வெங்காயத்தின் விலையைச் சின்னம்மாவிடம் தினமும் கேட்டீர்கள், பிறகு கேட்பதையும் விட்டீர்கள். மற்றக் காலிலும் அதே மாதிரி ஒரு கொப்புளம் வந்தபோது, "இதுவும் நோகேல்லை" என்றீர்கள். அப்போது நீங்கள் சிரிக்கவில்லை. கிருமி உடம்பெல்லாம் பரவி, ஒரு கிழமையில் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் யாரோ சொன்னார்: "சீனி வருத்தம்தானே, வாயைக் கட்டியிருந்தா இன்னும் இருந்திருப்பா." நீங்கள் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தி எத்தனையோ வருடம். அதையும் நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு அடுத்தவரிடம் போனேன்.

இப்போது கொக்குவிலில் ஒரு அலுவலகத்தில் வேலை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நிலத்தைத்தான் பார்க்கிறேன். எவ்வளவு கால்கள் அம்மா! சேலைக் கரைக்குள், வேட்டிக்குக் கீழே, செருப்புக்குள் அடங்காமல் வீங்கி, துணி சுற்றி, சொப்பிங் பை கட்டி. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஊன்றுகோல் சாத்தியிருக்கிற வீடுகள் மூன்று. "என்ன செய்யிறது, சீனியெல்லோ" என்று எல்லோரும் மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டியிருக்கிறது.

இன்று சின்னம்மாவின் காலை நான் விடவில்லை. நிலத்தில் இருந்துகொண்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மடியில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே தடித்த தோல், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அமத்தினால் ஈரம் கசிகிறது. உங்களுக்கு வந்த அதே இடம். ஆனால் விரல் இன்னும் கறுக்கவில்லை. காலில் இன்னும் சூடு இருக்கிறது. நேரம் இருக்கிறது, அம்மா.

அவருக்கும் சீனி வருத்தம்தான். நாளைக்கு அவருக்குக் கிளினிக் நாள். நானும் வருகிறேன் என்றேன்.

"வாறதெண்டா வா. ஆனா அங்கை வந்து வாயைத் திறக்கக் கூடாது. என்ரை மானம் போகும்."

"திறந்தா?"

"நீயோ? நீ திறந்திட்டாலும்!" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் சிரித்ததில் பிழையில்லை. என்னை அவருக்குத் தெரியும்.

உங்கள் வலது செருப்பு என்னிடம் இருக்கிறது. ஊசி துளைத்த ஓட்டையோடு, நீங்கள் போன நாளிலிருந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். விறாந்தையில் சின்னம்மாவைச் செருப்புக் கழற்ற விடமாட்டேன். நானும் கழற்றமாட்டேன். வாய் வராவிட்டால், அந்தச் செருப்பை எடுத்துக் கொப்பிக்கு மேலே, மேசையில் வைப்பேன். அது பெரிய மரியாதைக் கேடு என்று தெரியும். வைத்தியர் எழும்பிக் கத்துவார். கத்தட்டும். தலையை நிமிர்த்தித்தானே கத்தவேண்டும்.

ஆனால் அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. வாயால் சொல்லத்தான் விருப்பம். இவ்வளவும் எழுதியது இந்த ஒன்றைக் கேட்கத்தான், கேட்கவும் வெட்கமாக இருந்தபடியால் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா, மூன்று வரிசைக்குக் கேட்கிற உங்கடை அந்தக் குரலை நாளைக்குக் காலமை எனக்கு ஒருக்காத் தாங்கோ. நாலு சொல்லுக்கு வந்தாலே காணும்.