ஒரு மணி நேரம் முன்னால்

என் பெயரை மட்டும் மறந்துபோன கணவருக்கு,

நீங்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருக்க, முதல் வரிசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கைதட்டல் பலமாகத்தான் இருக்கிறது.

மத்திய வங்கியின் வட்டி அறிவிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே அந்நியச் செலாவணிச் சந்தை அதை மோப்பம் பிடித்துவிடுகிறது என்று கண்டது நான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு?" என்று கேட்டு அந்த ஆய்வை உங்கள் பெயரில் கொண்டுபோனீர்கள். பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் கணக்கை மறுபடி பார்த்தேன். அறிவிப்பு வெளியாகும் நகரத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். விலையைப் பதியும் நகரத்தில் அப்படிச் செய்வதில்லை. அதைச் சரிசெய்யாமலே இரண்டு நகரங்களின் நேரத்தையும் ஒட்டியிருந்தேன். அதனால் கோடை அறிவிப்புகளெல்லாம் என் கணக்கில் ஒரு மணி நேரம் தாமதமாக விழுந்திருந்தன. சந்தைக்கு மூக்கெல்லாம் கிடையாது. வெளியான செய்தியைக் கேட்டுத்தான் ஆடியிருக்கிறது.

இப்போது எல்லார் முன்னிலையிலும் அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்கப்போகிறேன். தப்பு என்னுடையது என்று தாராளமாகச் சொல்லுங்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான் என்று நானும் பார்க்க வேண்டும்.

தண்ணீரோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் அதைக் குடித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கக் கை தூக்கியிருப்பது நான்தான்.

இப்படிக்கு,
பெயர் தேவைப்படாத உங்கள் மனைவி