நடிக்க வந்த நோயாளிகள்

12 ஆகஸ்ட் 2024
பதிகம் ஓதி முடித்து எழுத அமர்ந்தேன். முப்பதாண்டு நான் கற்பித்த பல்கலைக்கழகம், தன் செவிலியர் கல்லூரியின் பொன்விழா மலருக்கு வரலாறு கேட்டிருக்கிறது. தொடக்கத்தில் இரண்டே அறைகள். வார்டின் தரையைத் துடைத்துக்கொண்டே மாணவியர் பாடத்தை ஒப்பித்தனர். பிறகு பட்டப்படிப்பு, மேற்படிப்பு. முதல் பாடம் மட்டும் மாறவில்லை: நோயாளியின் கையைப் பிடி, பிறகு பேசு. அதுவே எமக்கு வழிபாடு.

19 ஆகஸ்ட்
கல்லூரி முதல்வர் பூபாலன், என் பழைய மாணவர், தொலைபேசியில் பேசினார். ஓய்வுக்குப் பின் நான் வாழும் இம்மலையில் கல்லூரி திறந்த பயிற்சி மருத்துவமனை பற்றிக் கடைசி அத்தியாயம் வேண்டுமாம். "படுக்கையெல்லாம் எப்பவும் நிரம்பியிருக்குன்னு எழுதிடுங்கம்மா." நேற்றுதான் பார்த்தேன். மெத்தைகளின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

27 ஆகஸ்ட்
மருத்துவமனையைப் பார்த்து அங்கீகாரம் தர நாளை ஆய்வுக்குழு வருகிறது. படுக்கைகளை நிரப்ப எங்கள் அரியூர் நாட்டு மலைக்கிராமங்களில் வேன் வைத்து ஆள் சேர்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெருமாயி சிரித்தாள். "சும்மா படுத்திருந்தா சோறும் சேலையுமாம், டீச்சர். எனக்குக் கால் ஒடிஞ்சிருக்குதாம். எங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் சீக்கு சொல்லலீங்க. பிரசவ வார்டுல போடாம இருந்தாச் சரி!"
போகாதே என்றேன். சேலையை யார் தருவார் என்றாள். பூசையில் மனம் நிற்கவில்லை.

29 ஆகஸ்ட்
பெருமாயி இறந்துவிட்டாள்.
அடுத்த அறையில் படுத்திருந்த அவள் கணவர் காளியண்ணன் சொல்லி அழுதார். "நெஞ்சை அடைக்குது கண்ணு" என்று கூப்பிட்டிருக்கிறாள். பயிற்சி மாணவி சிரித்தாளாம்: "உங்களுக்குக் கால்தான் பாட்டி, மறந்துட்டீங்களா?" குழு போன பிறகு, வேனில் ஏற எழுப்பியபோதுதான் வியர்வையில் நனைந்து கிடந்தது தெரிந்தது. கீழே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகையில், மலைப்பாதையின் பாதி வளைவுகளைத் தாண்டுமுன்பே உயிர் போயிற்று.
சீ! ஒருத்திகூடக் கையைப் பிடிச்சுப் பார்க்கலையே — அத்தனை வெள்ளைச் சீருடையில ஒருத்திகூடவா?

2 செப்டம்பர்
நெற்றி நிறையத் திருநீற்றுடன், பழங்களோடு பூபாலன் வந்தார். அந்நீறும் எனக்கு அருவருப்பாயிற்று.
"நடிப்புன்னு நெனச்சுட்டாங்கம்மா. இது மலர்ல மட்டும் வேண்டாம்."
"நாடி பார்த்தார்களா?"
அவர் பழங்களை என் பக்கம் நகர்த்தினார். திருப்பிக் கொடுத்தேன். நடந்தது முழுவதையும் கடைசி அத்தியாயமாக எழுதி அனுப்பினேன்.

7 செப்டம்பர்
பதில் இல்லை.

30 செப்டம்பர்
மலர் வந்தது. நான் எழுதிய ஒரு வரியும் அதில் இல்லை. அட்டையில் ஆய்வு நாளின் வண்ணப்படம்: சிரிக்கும் மாணவியர், முன் கட்டிலில், காலில் கட்டுடன், நெஞ்சில் கைவைத்தபடி பெருமாயி.
காளியண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.
"இதை வெட்டித் தர்றீங்களா டீச்சர்? மாலை போடப் படம் இல்லீங்க. ஆதார்ல இருக்கறது அவளாட்டமே இல்லை."
கத்திரியை எடுத்தேன்.
"கால்கட்டு வேண்டாமுங்க. நெஞ்சு வரைக்கும் போதும்."