ஓட்டை இல்லாத டோரஸ்

சண்டிலிப்பாய்,
9.6.2025

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். இந்தமுறை அதை வழக்கத்துக்கு எழுதவில்லை, டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தே எழுதுகிறேன். நீயும் அந்த நோர்வேக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். முந்தாநாள் போனில், டிக்கெட் போடாதே, காரணம் உன் சிநேகிதி யசிந்தா ஊரிலிருந்து அங்கே திரும்பி வரும்போது அவள் கையில் வரும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இதுதான் அது. கோபம் வந்தாலும் பாதியில் மடித்து வைக்காமல் முழுக்க வாசி.

மாசி மாதம் ஒருநாள் சுடச்சுடத் தோசை தின்று வாய் வெந்துபோய் நாக்கால் தடவினால், மேலண்ணத்தின் நடுவில் கல்லு மாதிரி ஒரு கட்டி. முப்பது வருடம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய், வேறென்ன நினைப்பேன். அப்பாவுக்கும் சொல்லவில்லை. எனக்குச் சாகப் பயமில்லை பிள்ளை, உன்னை நினைத்துத்தான் பயம். நான் போனால் ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியுமட்டும் வீட்டில் நல்ல காரியம் செய்ய முடியாது, அதற்குள் உனக்கு முப்பத்தொன்று ஆகிவிடும். அதனால்தான் அவசரப்பட்டு உன் சாதகக் குறிப்பை அச்சுவேலியில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தேன், படிப்பை விட்டுவிட்டு ஆவணிக்குள் வந்து கலியாணத்தைச் செய் என்று உன்னை நாள்தோறும் அரித்தேன். எதற்கும் என்னோடு எதிர்த்துக் கதைக்கிறவள் நீ, கடைசியில் "ஓம் அம்மா, வாறன்" என்றாய். அந்த ஓமைக் கேட்ட பிறகும் கட்டியைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை.

அப்பாதான் பிடித்தார். வெற்றிலைத் தட்டம் மூன்று மாதமாகத் தூசி பிடித்துக் கிடக்கிறதே, "என்னப்பா, கோயிலுக்கு நேத்தியோ" என்று கேட்டார், அழுதுவிட்டேன். அடுத்தநாளே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு, பல் டொக்டரிடம். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். விரலால் அழுத்தி, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது டோரஸ் அம்மா, எலும்புதான், ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ" என்றாள். உன் கணிதப் படிப்பில் வருகிற பேர் காதில் விழ எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. போனமுறை வந்தபோது வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் இரண்டு முனையையும் பொருத்தி வளையமாக்கி, "இதுதான் அம்மா டோரஸ், எப்பிடி நெளிச்சாலும் நடுவிலை இருக்கிற ஓட்டை போகாது" என்று காட்டினாயே. நான் அவளிடம், "அப்ப எனக்கு ஓட்டை விழுந்திட்டுதோ பிள்ளை" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் நான் சாய்ந்திருந்த கதிரை ஆடியது. இந்த டோரஸுக்கு ஓட்டை இல்லையாம், சும்மா ஒரு புடைப்பாம், இளவயதிலிருந்தே மெல்ல மெல்ல வளர்ந்திருக்குமாம். வெளியில் வந்தபிறகு அப்பா சொல்கிறார், அவர் இப்போது மேசன் வேலை செய்கிற கனடாக்காரர் வீட்டில், தூணுக்கு அடியில் உருட்டிப் பூசுகிற வளையத்துக்கும் பிளானில் அதே பேர்தானாம். "மகள் படிக்கிறாள், நான் பூசுறன், நீ வாய்க்குள்ளை வைச்சிருக்கிறாய்" என்று வழிமுழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார்.

நேற்று அச்சுவேலிக்கு நானே போய், என் பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு முகம் கறுத்ததுதான், கறுக்கட்டும். கலியாணம் உனக்கு விருப்பம் வரும்போது பார்ப்போம், நான் இன்னும் கனகாலம் இருப்பேன். என் பயத்தை உன் கழுத்தில் கட்டப் பார்த்தேன், மன்னித்துக்கொள் என்ரை குஞ்சு. யசிந்தாவிடம் மிளகாய்த்தூளும் பனம்பழப் பினாட்டும் கொடுத்திருக்கிறேன், பினாட்டை ஒரேநாளில் முடிக்காதே. தலைக்கு எண்ணெய் வை.

பிள்ளையார் உன்னோடு இருப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த டோரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருமாம். வாசித்து முடித்ததும் நாக்கை மேலண்ணத்தின் நடுவில் வைத்துப் பார். ஒன்றும் இல்லாவிட்டால் சரி. இருந்தால் பயப்படாதே, என்னைப்போல் ஒளிக்கவும் செய்யாதே. அது நான் தந்தது.

உன்னை ஒவ்வொரு நாளும் நினைக்கும்
அம்மா
கமலாவதி