பச்சை தெரியாத துண்டுகள்

மார்ச் 3
எழுந்ததும் முதலில் சின்னவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் காய்ச்சல் விட்டிருந்தது. விடுப்பு முடிந்து ஆய்வுக்கூடம் போனால், இறந்தபின் மூன்று பேர் கொடையாகத் தந்த மூளையின் துண்டுகள், கெடாமல் பதப்படுத்தும் பார்மலின் ஜாடியில் அப்படியே. விடுப்புக்கு முந்தைய மாலை நான் போட்டவை. ஒரே நாளில் எடுத்திருக்க வேண்டும். எடுத்துவிடும்படி யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எடுத்துக் கழுவிவிட்டுப் பதிவேட்டில் ‘ஊறியது: ஒரு நாள்’ என்று எழுதினேன். கைப்பழக்கம். பழக்கம்தானா?

மார்ச் 11
சாயம் ஏற்றினேன். புதிதாகப் பிறந்த மூளை செல் இருந்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். எலிகளில் எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. புது வழியைக் கற்றுக்கொண்ட எலியிடம் அவை சாகாமல் தங்குகின்றன. பழைய செல்களோடு சேர்ந்து, நேற்றையும் இன்றையும் குழப்பாமல் பிரித்து வைக்கின்றன. தூசியைவிடச் சிறியது — என்ன வேலை செய்கிறது!

ஆய்வுக்கூடத் தலைவர் மேடம் மூச்சுவாங்க வந்தார். “வண்டியை நேத்து நிறுத்தின இடத்துலயே போய்த் தேடுறேன்டி. எனக்குள்ள புதுசா ஒண்ணும் முளைக்கல போல!”

மார்ச் 14
பச்சை இல்லை. ஒன்றுகூட.

மார்ச் 17
பெரியவர்கள் மூளையிலும் புது செல்கள் பிறக்கின்றன என்று பதினாறு வருடம் வாதாடியவர் மேடம். உடைந்துபோவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இல்லன்னா இல்லன்னு எழுதுவோம்” என்றார்.

“இத்தனை வருஷம் சொன்னது, மேடம்?”

“நான் சொன்னேன்னு முளைச்சிடுமா? நமக்குப் பிடிச்ச பதிலுக்காகவா அந்த மூணு பேரும் மூளையைக் கொடுத்துட்டுப் போனாங்க?”

எப்பேர்ப்பட்ட மனுஷி! ஆனால் பார்மலினில் அதிக நாள் ஊறினால், புது செல் இருந்தாலும் சாயம் பிடிக்காமல் போகலாம். அவர் என் பதிவேட்டை நம்பி எழுதுகிறார். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

மார்ச் 19
“வேற யாராவது செஞ்சிருந்தா திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன். உன் கையில சந்தேகமே இல்ல” என்றார். பாராட்டுகிறாராம்.

மார்ச் 20
நாளைக்கு மேடம் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறார்.

காலையில் நான் அவருக்கு முன்னால் ஆய்வுக்கூடம் போய்விடுவேன். ‘ஒரு நாள்’ என்பதை அடித்து ‘ஆறு நாள்’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுவேன். பதிவேட்டை அவர் மேசையில் விரித்து வைத்து, எதிர் நாற்காலியில் காத்திருப்பேன். அதனால் புது செல் ‘இருக்கிறது’ என்று ஆகிவிடாது. ஆனால் ‘இல்லை’ என்றும் அவர் எழுதிவிடக் கூடாது.

“என்ன, வந்ததுலேர்ந்து வாயே திறக்கல?” என்றார் வீட்டுக்காரர்.

தலைவலி என்றேன்.