கருங்குளத்தார் திருப்பிக் கேட்ட கூடை

நீர் நிறைக! நெல் விளைக! தலைகள் யாவும் தத்தம் கழுத்தின்மேலேயே நிலைத்து வாழ்க!

முக்கடலுக்கும் அதிபதியும், அவற்றுள் ஒன்றையேனும் இதுகாறும் கண்டிராதவருமாகிய வெண்மருத வேந்தர் திருமாவளர்கோவின் ஓலைநாயகம் பொன்னம்பி, கருங்குள நாட்டைக் காத்தருளும் நாடாள்வார் பூதன் மல்லனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரியும் எருமைகளும் குடிகளும் நலமே வாழ்க.

உதைபந்தாட்டம் எங்கே பிறந்தது என்று அவைப்புலவர்கள் இப்போது நூல் இயற்றி வருகிறார்கள். தேவர்கள் சந்திரனை உதைத்ததே முதல் ஆட்டம் என்பது அவர்கள் துணிபு. தங்கள் ஊரார் வறண்ட ஏரியில் வைக்கோல் திணித்த மாட்டுத்தோலை உதைத்துத் திரிந்ததே தொடக்கம் என்பது தாங்களும் யாமும் அறிந்தது. அதன்பின் நடந்ததையும் இருவரும் அறிவோம். ஆயினும், தெரிந்ததைத் திரும்பச் சொல்வதற்கென்றே ஓலை ஏற்பட்டமையால் சொல்கிறோம்.

சென்ற கோடையில் வேந்தர் தங்கள் ஏரிக்கு எழுந்தருளி ஆட்டம் கண்டார். ஆடுவோரின் வியூகத்திறனை அளந்துரைக்க அவைப்புலவர்கள் உடன் வந்தனர். அவர்கள் கண்ட முறை இது: ஒவ்வொருவனுக்கும் ஒரு துண்டு கொடுப்பது, ஆட்டம் முடிந்ததும் துண்டைத் தராசிலிடுவது. எவன் வியர்வை கனக்கிறதோ அவனே மதியூகி. அம்முறைப்படி சேந்தன் என்பவன் கடைசியில் நின்றான். அவன் துண்டு உலர்ந்திருந்தது. ஆட்டம் முழுவதும் அவன் ஒரே இடத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றதும், பந்து தானே அவனைத் தேடி வந்ததும், வந்த பந்தை அவன் திரும்பியும் பாராமல் இடப்புறம் தட்டிவிட்டதும், அங்கே அவன் தம்பி தத்தன் ஆயத்தமாக நின்றதும் புலவர்களின் தராசில் ஏறவில்லை.

"ஆட வந்தாயா, ஆடு மேய்க்க வந்தாயா?" என்று தலைமைப் புலவர் அவனை வினவினார். "ஓடுறது பந்தோட வேலை சாமி. நானும் ஓடுனா யாரு நிக்கிறது?" என்று அவன் விடை சொன்னான். தம்பி சிரித்துவிட்டு, "அண்ணே, சாமிக்கு ஒரு துண்டு குடு, வேர்க்குது" என்றான். வேந்தரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நின்றிருக்கலாம்.

தலைநகர் திரும்பியதும், "கருங்குளத்து ஆட்டத்தில் சிறந்த தலையை உடனே அனுப்புக" என்று ஆணை பிறந்தது. அரசர் சொன்னது தலைவனை. ஆணை சொன்னது தலையை. தாங்களோ ஆணையில் ஓர் எழுத்தும் பிசகாத பெருமகன். சேந்தன் தலைக்கு உப்பும் மஞ்சளும் இட்டு, ஒரு கூடையில் வைத்து, 'கூடை புதிது, திருப்பி அனுப்பவும்' என்ற குறிப்போடு அனுப்பிவைத்தீர்கள். இத்தகைய கீழ்ப்படிதலை யாம் வேறெங்கும் கண்டதில்லை. காணவும் விரும்பவில்லை.

பிழை நேர்ந்ததென்று ஒப்புக்கொள்ள இவ்வரசில் சடங்கு கிடையாது. ஆகவே பிழை பெருமையாக்கப்பட்டது. தலையைத் தோலுறையிட்டுத் தைத்து, அரசப்பந்து என்று பொருள்பட 'ராஜகந்துகம்' எனப் பெயர் சூட்டிப் பட்டுமெத்தையில் வைத்தனர். மறுநாள் காலை அது வாயிற்படியருகே கிடந்தது. காவலன் ஒருவன், அது இன்னதென்று அறியாமல், காலால் ஒதுக்கினான். முற்றத்தில் நின்ற வீரர்கள் நடுவே, ஒருவர்மேலும் படாமல், ஆளில்லாத ஒரே இடத்தைத் தேடி அது போய் நின்றது.

வேந்தர் மகிழ்ந்தார். அதைக் கொண்டே ஆட்டம் நடத்தினார். எவன் உதைத்தாலும் அது உதைத்த திசையில் போகாது. போக வேண்டிய திசையில் போகும். புலவர்கள் வியூகம் வியூகம் என்று பாடினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அது இறுதியில் இடப்புறத்து வெற்றிடம் ஒன்றுக்குப் போய் நின்றுவிடுகிறது. அங்கே ஒருவரும் இல்லை. ஓடிப்போய் யாராவது நின்றால் விலகிக்கொள்கிறது. பிறகு காத்திருக்கிறது. அருகே குனிந்தவர்களுக்குத் தோலுக்குள்ளிருந்து, "இந்தா தத்தா" என்று கேட்டதாம். யாம் அதை நம்பவில்லை. யாமும் குனிந்து கேட்டோம். இப்போதும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போவதில்லை.

இனிச் செய்திக்கு வருகிறோம். அந்த இடத்தை நிரப்ப விரும்பிய வேந்தர் இன்று காலை இட்ட ஆணை: "தத்தனின் இடக்காலை உடனே அனுப்புக."

அவ்வாணை யானைமேல் வருகிறது. முரசும் குடையும் உடன் வருகின்றன. ஊர்தோறும் நின்று மாலை வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதால் மெல்லத்தான் வரும். பெருமைக்கு என்றும் நடை குறைவு. இவ்வோலை ஒற்றைக் குதிரையில் வருவதால் முந்திவிடும் என்று நம்புகிறோம்.

அரசாணையை யாம் விலக்கவில்லை. விலக்க எமக்கு அதிகாரமில்லை. பொருள் மட்டுமே விளக்குகிறோம். தலைநகர வழக்கில் கால் என்பது மற்றொரு காலையும், அவ்விரண்டின்மேல் நிற்கும் முழு மனிதனையும், அவன் மூச்சையும் குறிக்கும். 'அனுப்புக' என்பது, அவன் வர விரும்பினால் என்று பொருள்படும். விரும்பாவிடில், கருங்குளத்தில் இடக்கால் விளையவில்லை என்று பதில் எழுதுக. புலவர்கள் அதற்கொரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். தங்கள் அரிவாளைக் கழுவி உறையிலிடுக. இது ஆணை.

தாங்கள் கேட்ட கூடை இத்துடன் திரும்புகிறது. காலியாக இல்லை. பட்டுமெத்தையில் இப்போது வைக்கோற்பந்து ஒன்று இருக்கிறது. வேந்தர் இன்னும் வேறுபாடு அறியவில்லை. வழியெல்லாம் கூடைக்குள் ஏதோ புரளும் ஓசை கேட்கும், அஞ்சற்க என்று குதிரைவீரனிடம் சொல்லியிருக்கிறோம். ஊர் நெருங்க நெருங்க ஓசை மிகுமென்று மட்டும் சொல்லவில்லை.

வந்ததும் ஏரியின் நடுவே இறக்கி, தத்தனை இடப்புறம் நிற்கச் செய்து, கூடையைத் தாங்களே தங்கள் கையால் திறக்க. திறந்தபின் எங்கே ஒதுங்கி நிற்பது என்று எம்மைக் கேட்டு எழுத வேண்டாம். எவர் எங்கே நிற்கிறார் என்பதை அது ஒருபோதும் தவறாகக் கணித்ததில்லை.

இவை ஓலைநாயகம் பொன்னம்பி எழுத்து. மீன் இலச்சினை இடப்பட்டது. கூடை பெற்றமைக்குச் சான்றாகக் கையெழுத்து அனுப்புக; கை வேண்டாம்.