பீடத்திலிருந்து அடுப்படி வரை

அன்புள்ள ரூபாவதி,

இங்கே மலேசியாவில், ஈப்போவில் நான் சுகம். அங்கே நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, சும்மா விட்டுவிட்டாயா?

போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் சுண்ணாம்பு பூசிப் புதுப்பிக்கிற பழைய மெதடிஸ்ட் ஆலயத்தில் என் காலில் ஆணி குத்திவிட்டது. தப்பு என்மேல்தான். ஆலயமாயிற்றே என்று, நம் ஊர்ப் பழக்கத்தில், வேலைக்குக் கொடுத்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். எங்கள் மேஸ்திரி தனேஸ்வரன் தலையிலடித்துக்கொண்டு இந்த ஊர்ப் பேச்சில் கத்தினார். "ஐயோ அண்ணே, சாமி கோவிக்க மாட்டாருலா! ஆணிதான் கோவிக்கும், சப்பாத்த போடுங்க!" ஊசி போட்டாயிற்று. இப்போது நன்றாக நடக்கிறேன்.

கூர்முனை ஜன்னல்களும் உயர்ந்த மரக்கூரையுமாக ஆலயம் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள போதகர் வீடு. பிரசங்க பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. திறந்தால் ஓடு வேய்ந்த நடைபாதை, அது நேரே போதகர் வீட்டு அடுப்படிக்குப் போகிறது. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். பிரசங்கம் முடிந்த கையோடு பெண்டாட்டி முன்னால் போய் நிற்கலாம். கட்டினவன் புண்ணியவான்!

ஊரிலிருந்து யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. தனேஸ்வரன் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன்
ஞானதுரை

ஒன்று விட்டுப்போயிற்று. என் பழைய செருப்பைக் கழுவி உள்ளே எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாயே, அதை மறுபடி வாசலிலேயே போடு. நான் வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்.